பதினேழாவது சாயம்

மலர்கொடிக்கு ஜெயங்கொண்டத்தை அடுத்த ஒரு சிற்றூர். அப்பா வீரமுத்துவுக்கு அங்கே மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள், 1981இல் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். உயிருள்ள செல்லுக்குள் நுழைந்து, கால்சியம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒளிரும் சாயம் ஒன்றைச் செய்வது அவள் எடுத்துக்கொண்ட வேலை.

கால்சியம் என்றால் சுண்ணாம்புச் சத்து என்று அப்பாவிடம் விளக்கியதுதான் அவள் செய்த தவறு.

“அரியலூர்ப் பக்கம் மண்ணு பூரா சுண்ணாம்புதான். அது எங்க இருக்குன்னு பாக்கவா திருச்சிக்குப் போற?” என்று கேட்டார் வீரமுத்து. பதில் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. சொன்ன பதிலும் அவருக்குப் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க அவள் தேர்ந்தெடுத்தது முந்திரிப்பூவின் மகரந்தம். சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் ஒவ்வொரு துகளிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று முளைத்து நீளும். நீளும் நுனியில் கால்சியம் கூடுதலாக இருக்கும் என்று படித்திருந்தாள். அதைவிட முக்கியம், மகரந்தம் ஓசியில் கிடைத்தது. பூக்கும் காலத்தில் வாராவாரம் ஊருக்கு வந்து, பூவை உதறி, பிலிம் டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். மூக்குப்பொடி என்று நினைத்து ஒரு பெரியவர் கை நீட்டியதும் உண்டு.

முதல் பத்துச் சாயங்களில் சில கண்ட இடத்திலெல்லாம் ஒளிர்ந்தன. சில ஒளிரவே இல்லை. பதினொன்றாவது மகரந்தத்தைக் கொன்றது. பதினாறாவதைப் போட்டபோது மட்டும், புற ஊதா விளக்கின் கீழ் குழாய்கள் எல்லாம் நீலமாக ஜொலித்தன. அவளுடைய பேராசிரியர் தர்மராஜ் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அன்று மாலையே ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினார். எதற்கும் அவசரப்படாத மனிதர் அவர். அந்த ஒரு நாள் அவசரப்பட்டார்.

மறுநாள் மலர்கொடி, சாயமே விடாமல் மகரந்தம் மட்டும் வைத்த ஒரு கண்ணாடித் தகட்டையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே ஜொலித்தது.

நான்கு நாள் தேடியபின் காரணம் கிடைத்தது. கண்ணாடிகளை ஈரத்துணியால் துடைப்பது அவள் வழக்கம். துணி, அப்பாவின் பழைய வேட்டி. வெள்ளை வேட்டி விஷயத்தில் வீரமுத்து யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சலவையில் வெள்ளைப்பொடி தாராளமாக விழும். துணியைப் பளிச்சென்று காட்டும் அந்தப் பொடி கண்ணாடிக்கு இறங்கி, மகரந்தக் குழாயின் சுவரில் ஒட்டி ஒளிர்ந்திருக்கிறது. மூன்று வருடம் அவள் படிக்காத புத்தகமில்லை; கடைசியில் மளிகைக்கடைப் பொடி முந்திக்கொண்டது.

மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் தர்மராஜின் அறைக்குப் போய் நின்றாள்.

“சார், அது எங்க அப்பா வேட்டி சார்.”

அவர் முதலில் வேறு எதையோ நினைத்து விழித்தார். விஷயம் தெரிந்ததும், அனுப்பிய சுருக்கத்தின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு, கருத்தரங்குக்கு வாபஸ் கடிதத்தை அவளையே எழுதச் சொன்னார். எழுதும்போது அவளுக்கு அழுகை வந்தது. வேட்டி என்ற சொல்லுக்குப் பதிலாகப் பருத்தித் துணி என்று போட்டாள்.

பதினாறாவது சாயம் உண்மையில் செல்லுக்குள் போகவே இல்லை. கால்சியத்தைப் பிடிக்கும் அதன் நான்கு அமிலக் கைகளிலும் மின்னூட்டம் இருந்தது. செல்லின் எண்ணெய்ச் சவ்வு அதை உள்ளே விடவில்லை. மின்னூட்டம் வெளியே தெரியாதபடி அந்தக் கைகளுக்கு உறை மாட்டி அனுப்பும் வழி ஒன்றை, தாமதமாக வந்து சேர்ந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் படித்தாள். ஊருக்குப் போனபோது அதையும் அப்பாவிடம் சொன்னாள்.

“உள்ள போனப்பறம் உறைய யாரு கழட்டுவா?” என்று கேட்டார் வீரமுத்து.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் அவர் கேட்ட முதல் சரியான கேள்வி அது. “அந்த மகரந்தமே கழட்டிக்கும்பா. அதுக்குள்ளயே அதுக்கான நொதி இருக்கு.”

உறை மாட்டக் கற்றுக்கொள்ளவே எட்டு மாதம் பிடித்தது. 1985 பிப்ரவரியில் பதினேழாவது சாயத்தைப் போட்டாள். குழாய்கள் மங்கலாகத் தெரிய, நுனிகள் மட்டும் பிரகாசமாயின. சாயமில்லாத கண்ணாடி இருட்டாகவே இருந்தது. புது மகரந்தத்தோடு ஆறு முறை செய்து பார்த்தபிறகுதான் தர்மராஜைக் கூப்பிட்டாள். அவர் ஏழாவது முறையும் செய்யச் சொன்னார்.

ஒரு நாள் அப்பாவை அழைத்து வந்து காட்டினாள். வீரமுத்து ஒரு கண்ணை மூடிக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“வளருதும்மா,” என்றார் மெதுவாக. தம் தோப்புப் பூவுக்குள் இப்படி ஒன்று நடப்பது அவருக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. ஊருக்குப் போகிற பஸ்ஸை அன்று விட்டுவிட்டார்.

கட்டுரை நான்கு பக்கத்தில் வெளியானது. சாயம் கேட்டு ஐந்து பேர் எழுதினார்கள். ஐவருக்கும் சின்னச் சின்னக் குப்பிகளில் அனுப்பினாள். பெரம்பலூரில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அங்கே ஒளிர்வு நுண்ணோக்கி இல்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருச்சியில் தன் பழைய ஆய்வகத்துக்குப் போய், பதினெட்டாவது சாயத்தைத் தொடங்கினாள்.