அப்பாவின் படத்தை அழித்த செவ்வாய்க்கிழமை

போன மாதம் திருகோணமலையில் உள்ளூர் ஓவியர்கள் சிலரை மேடையில் இருத்தி, தாங்கள் கடந்துவந்த பாதையைப் பேசச் சொன்னார்கள். அவர்களில் அம்மாவின் அண்ணனும் ஒருவர். நாற்பது வருடமாக இறந்தவர்களின் முகங்களையே வரைந்தவர். ஒரு மாணவி எழுந்து, "உயிரோடை இருக்கிற ஆக்களை ஏன் சேர் கீறேல்லை?" என்று கேட்டாள்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "செத்த ஆக்கள் விட்டாத்தானே பிள்ளை நேரம் வரும்" என்றார். சபை சிரித்தது. மூன்றாம் வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம் அது. போர்க்காலம். மாமா எங்கள் வீட்டு முன்னறையில்தான் வேலை செய்தார். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படமொன்றை யாராவது கொண்டுவருவார்கள். அதன்மேல் மெல்லிய பென்சிலால் கட்டம் போடுவார். பெரிய தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றாகக் கரித்தூளால் நிரப்புவார். கண்கள் கடைசியில்தான். முடிந்த படத்தைக் கொடுக்கப் போகும்போது சிலவேளை என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார்.

எனக்கு அப்போதே திகதி குறிக்கும் பழக்கம் இருந்தது. மாமா ஒரு முகத்தைத் தொடங்கிய நாளையும், அந்த வீட்டில் எல்லாரும் கதறி அழுத நாளையும் கொப்பியொன்றில் எழுதிவைத்தேன். ஆள் செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் படம் போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே என் கொப்பியின்படி மாமா முதலில் வரைந்தார், பிறகு ஆட்கள் செத்தார்கள். ஒன்பது பேர். ஒன்றுகூடப் பிசகவில்லை.

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மாமாவின் பலகையில் அப்பாவின் சின்னப் படம் குத்தியிருந்தது. நெற்றியிலிருந்து கழுத்துவரை கட்டங்கள். பெரிய தாளில் வாயும் மூக்கும் காதுகளும் வந்துவிட்டன. கண்கள் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அப்பா கடல்வழியாக மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போய்வரும் லோஞ்சில் வேலை செய்தார். அன்று காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம் வரவேண்டிய லோஞ்ச் இன்னும் வரவில்லை என்று அம்மா வாசல் படலையடியில் நின்று அயல்வீட்டாரிடம் சொல்வது கேட்டது. மாமா விசாரிக்க இறங்குதுறைக்குப் போயிருந்தார்.

குசினியிலிருந்து ஈரத்துணியொன்றை எடுத்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேன். அழிக்க அழிக்க முகம் போகவில்லை. கறுத்து, வீங்கி, தண்ணீரில் நாட்கணக்காகக் கிடந்த முகம்போல வந்தது. என் கைகளால்தான் அப்பா அப்படி ஆகிறார் என்று தோன்றியது. தாளைக் கிழித்து, கிழித்ததையும் கிழித்தேன்.

பொழுது சாய்கிறபோது படலை திறந்தது. மாமாவும் அப்பாவும் தெப்பமாக நனைந்து வந்தார்கள்.

"கடலிலை திரை பெரிசு. மூதூரிலை கட்டிப்போட்டு நிண்டனாங்கள்" என்று அம்மாவிடம் சொன்ன அப்பா, மாமாவின் பக்கம் திரும்பினார். "எங்கை மச்சான் என்ரை படம்? மூக்கைக் கொஞ்சம் சின்னனாக்கினீரோ?"

"உம்மடை மூக்குக்கு இன்னொரு தாள் வாங்கவேணும்" என்றபடி மாமா முன்னறைக்குள் போனார். கிழிந்த துண்டுகளைக் கையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

நான் ஒளிந்துகொள்ளவில்லை. "நான்தான் கிழிச்சனான். நீங்கள் கீறினா ஆக்கள் செத்துப்போகினம்" என்றேன்.

"முதன்முதலா அண்ணா தன்ரை ஆசைக்குக் கீறின படம், பாவி!" அம்மா கையை ஓங்கினார். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோடை இருக்கிற ஒருத்தரையும் இனிக் கீறமாட்டன் எண்டு சொல்லுங்கோ, மாமா."

"ஓம் பிள்ளை. கீறமாட்டன்."

அப்பாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் எனக்குப் பசித்தது. சோறு கேட்டேன். மாமா கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார். கரி அவ்வளவு லேசில் போகாது என்றுதான் நினைத்தேன்.