"ஓம்" என்றால் வந்துவிட்டதா?

போன மாரியில், கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நடந்தது. நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

குளம் நிரம்பி, வான்கதவைத் திறந்து தண்ணீரை விடப் போகிறார்கள் என்றால், கீழ்ப்பக்கத்து ஆட்களின் போனுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பும் ஒரு பைத்தன் புரோகிராம் எங்கள் பொறுப்பில் இருந்தது. அசிங்க் முறையில் எழுதியது. தேத்தண்ணிக் கடைக்காரர் கேத்தல் கொதிக்கும்வரை அடுத்த மேசையைக் கவனிப்பாரே, அப்படி ஒரு வேலை காத்திருக்கும்போது மற்றதைச் செய்யும்.

அன்று மழை கொட்டியது. கதவு திறக்கும் அறிவித்தல் வந்தும், ஒரு செய்திகூட வெளியே போகவில்லை. கொழும்பிலிருந்த மேலாளருக்குச் சொன்னேன்.

"திரையில எல்லாம் பச்சை விளக்குதானே, ஓடுது. நானே ஒரு அம்மாவுக்குப் போன் எடுத்து, மெசேஜ் வந்ததோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவா. பேசாம ரீஸ்டார்ட் பண்ணுங்கோ."

காலையிலும் அதைத்தான் செய்தோம், திரும்ப நின்றுவிட்டது. பச்சை விளக்கு புரோகிராம் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வேலை செய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. குளத்துக்குக் கீழே மாட்டுப்பட்டி வைத்திருக்கும் அந்த அம்மாவின் நம்பரை அவரிடம் வாங்கி நானே போன் எடுத்தேன்.

"ஐயோ பிள்ளை, ஒண்டும் வரேல்லை! மழைச் சத்தத்தில அவர் கேட்டது விளங்கேல்லை, ஓம், சொல்லுங்கோ எண்டனான். அந்தாள் டக்கெண்டு வச்சிட்டார்."

"அம்மா, கதவு திறக்கப் போகினம். மாடுகளை மேட்டுக்குக் கொண்டு போங்கோ!"

மற்றவர்களுக்குப் போன் எடுக்கும்படி அலுவலகத்தில் எல்லோரிடமும் கத்திவிட்டு, ஓடும் புரோகிராமை நிறுத்தாமலே அது எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் கருவியைப் போட்டுப் பார்த்தேன். குளத்து நீர்மட்டத்தை அளக்கும் மானியின் பதிலுக்காக ஒரே வரியில் அசையாமல் நின்றது. கடைக்காரர் கேத்தலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், கடை முழுக்கக் காத்துக் கிடக்கிறது! காத்திருக்க ஒரு நேர எல்லை வைத்துத் திரும்ப ஓடவிட்டேன். தேங்கிக் கிடந்த செய்திகளெல்லாம் பறந்தன.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே போன் எடுத்தார்.

"மாடுகள் மேட்டில நிக்குது. கண்டுக்குட்டி ஒண்டை வெள்ளம் கொண்டு போயிட்டுது. இப்பதான் உங்கட மெசேஜ் வருது பிள்ளை, அவதானமா இருக்கட்டாம்."

மேலாளர் அறிக்கையில் "சிறு தாமதம்" என்று எழுதினார். சிறு தாமதமாம்! அந்தக் கன்றின் தாயிடம் போய்ச் சொல்லட்டும்.

இப்போதும் யாராவது "ஓம், ஓடுது" என்றால், எங்கே நிற்கிறது என்று நானே பார்க்கும்வரை எனக்கு அந்தக் கன்று கத்துவதுதான் கேட்கிறது.