கரண்ட் போனா?

குளிர் விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார். ஃபிரிட்ஜ் மெக்கானிக். "இனி உருப்படாது" என்று கைவிட்ட பெட்டிகளும் அவர் கை பட்டால் முனகிக்கொண்டே ஓட ஆரம்பிக்கும்.

அதனால்தான், கருத்தரிப்பு மையத்தில் தங்கள் கருக்களை உறைய வைக்கப் போகிறார்கள் என்றதும், மெஷினைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம்பிடித்தார். ஆய்வகத்துப் பெண் கூட்டிப்போய்க் காட்டினாள். பால் கேன் மாதிரி ஒரு எஃகுக் கலன்.

"கம்ப்ரெஸர் எங்கம்மா?"

"இல்லைங்க. உள்ள திரவ நைட்ரஜன்."

"கரண்ட் போனா?"

"ஒண்ணும் ஆகாது."

வெளியே வந்து மனைவியிடம் சொன்னார்: "ஊரே இதுக்கு மாறிட்டா நம்ம பொழப்பு அம்போதான்."

மூன்று கருக்களில் ஒன்று மகளாகப் பிறந்தது. இன்னொரு பிரசவத்தை உன் உடம்பு தாங்காது என்று மனைவியிடம் டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற இரண்டையும் எடுத்து அழித்துவிடச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை இருவரும் நேரில் போய்ச் சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. போகும்போதெல்லாம் அவர் கலனைப் பார்த்து, "கரண்ட் போனா?" என்பார். மனைவி முழங்கையால் இடிப்பாள்.

மகள் சாப்பிட முரண்டு பிடித்தால், "உள்ள ரெண்டு பேர் க்யூவுல நிக்கிறாங்க. அவங்களுக்குப் போட்டுடுவேன்" என்பார்.

"அவங்களுக்கு வாய் இருக்காப்பா?"

"உன் அளவுக்கு இருக்காது."

மகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, நுரையீரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அடுத்த புதுப்பிப்பு வந்தது. மையத்திலிருந்து படிவத்தை வார்டுக்கே கொண்டுவந்தார்கள். முதல் பகுதி, சேமிப்பை நீட்டிக்க. போட்டார். இரண்டாவது பகுதி, ஒருவர் இறந்துபோனால்? வைத்திருக்கலாம் என்று ஒரு கட்டம், எடுத்துவிடலாம் என்று ஒரு கட்டம். பேனா தாளை நோக்கி இறங்கியது. கால்மாட்டில் நின்ற மகள் பார்க்க, மனைவி வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள்.

"இதுக்கு இப்ப என்ன அவசரம்? வீட்டுக்கு வந்து போட்டுக்கலாம்."

"உத்தரவு, மகாராணி" என்று இருமலோடு சிரித்தார்.

அவர் வீடு திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு மனைவி மகளோடு மையத்துக்குப் போனாள். மேலாளர் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"அவர் இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கையெழுத்து செல்லும்மா. ரெண்டாவது பகுதி காலியா இருந்தா நாங்க வச்சிருக்கக் கூடாது."

"போடத்தான் இருந்தாரு. நான்தான் பிடுங்கினேன். இவளும் பாத்தா."

"எந்தக் கட்டத்துல போட இருந்தாரும்மா?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"பேனா இன்னும் தாளைத் தொடலம்மா" என்றாள்.

அத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தவளுக்கும் அது தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.

எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். ஆய்வகத்துப் பெண்ணுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. மூடியைத் தூக்கினாள். வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து தரைக்கு வருமுன் காணாமல் போனது. மனைவி குனிந்து பார்த்தபடியே நின்றாள். மகள் தோளைத் தொட்டும் அவள் நிமிரவில்லை.

"கரண்ட் போனா?" என்றாள்.

ஆய்வகத்துப் பெண் மூடியைக் கையில் பிடித்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா."