புகை போகும் வழி

கல்யாணமான இரண்டாம் வருஷமே என்னைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. காரணம் புகை.

ஐம்பதுகளின் கடைசி அது. மோகனூருக்குப் பக்கத்தில் கரும்பும் வாழையும் போட்டிருந்த குடும்பத்தில் என்னைக் கொடுத்திருந்தார்கள். குடியிருக்கும் வீடு ஓட்டு வீடு. சமையற்கட்டு மட்டும் தனியாக, கரும்புத் தோகை வேய்ந்த கூரையோடு பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை ஒன்று இருந்தது, அதையும் உப்புப் பானையை வைத்து அடைத்திருந்தார்கள். பருத்திமார் என்கிற காய்ந்த பருத்திச் செடியும் பனைமட்டையும் எரிகிற மூன்று கல் அடுப்பு. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் எதிரில் நிற்கும் ஆளின் முகம் தெரியாது. என் மாமியார் அந்தப் புகைக்குள் நடமாடுவதைப் பார்த்தால், அவருக்கு மூச்சு என்று ஒன்று தேவையே இல்லை போலிருக்கும்.

எனக்குத் தேவைப்பட்டது. நான் பிறந்த பனமரத்துப்பட்டியில் எங்கள் வீட்டில் சமையல் வாசலோரத் தாழ்வாரத்தில்தான், ஏரிக் காற்று வந்து புகையை அள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே வந்த முதல் மழைக்காலத்திலேயே எனக்கு இளைப்பு தொடங்கியது. இரண்டாவது மழைக்காலத்தில் உட்கார்ந்தபடியேதான் தூங்க முடிந்தது. சேலத்தில் பார்த்த டாக்டர், மருந்து கொடுக்கிறேன், ஆனால் புகையில் நின்றால் என் மருந்து வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அண்ணன் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, புகை நின்றால் தங்கச்சி வருவாள், இல்லாவிட்டால் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுப்படியில் நிற்க முடியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேறு பெண் பார்க்க வேண்டியதுதானே என்று மோகனூர்ப் பக்கம் பேச்சு கிளம்பியது. அது என் காதுக்கும் வந்தது. எனக்கு அந்த வீட்டை விட மனசில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், அந்த மனுஷனை விட மனசில்லை. அதிகம் பேசமாட்டார், ஆனால் நான் இளைத்துக் கிடந்த நாட்களில் வெந்நீரும் கையுமாக நின்றவர் அவர்தான்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவர் பஸ் ஏறி வந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் புகையில்லாத அடுப்பு கிடைக்குமாம், பார்த்து வாங்கலாம் என்றார். இருவருமாகப் போனோம். கடைக்காரர் முதலில் பம்பு அடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். அது போட்ட சத்தத்தில் நானே இரண்டடி பின்வாங்கினேன். அதன் மூன்று கம்பிக் கால்களைப் பார்த்ததும் என் மாமியாரின் களிப்பானைதான் நினைவுக்கு வந்தது. பத்துப் பேருக்குக் களி கிண்டும் பானை அது. துடுப்பைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினால் அடுப்பும் பானையும் சேர்ந்து உருண்டுவிடும். அடுத்தது கரி அடுப்பு. மூடிய அறையில் கரி எரிக்கவே கூடாது, அதன் வாயு கண்ணுக்குத் தெரியாமல் ஆளை மயக்கிப் போட்டுவிடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் அதைத் தொடக்கூட இல்லை. மூன்றாவது மரத்தூள் அடுப்பு. தகர டின்னுக்குள் நடுவில் பாட்டிலை வைத்து, சுற்றிலும் மரத்தூளைத் திணித்து, பாட்டிலை உருவிவிட்டால் அந்தத் துளைக்குள் தீ அழகாக நின்று எரிந்தது. புகையும் குறைவு. பாதிச் சமையலில் தூள் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டேன். அணைத்துவிட்டு மறுபடி திணிக்க வேண்டும் என்றார் கடைக்காரர். எங்களூரில் மரத்தூளுக்கு எங்கே போவது என்று கேட்டேன். அதற்கு அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் டின்னைப் பார்த்தார்.

வெறுங்கையோடு கடையை விட்டு இறங்கினோம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த நெரிசலில், மூட்டை சுமப்பவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, அவரைக் கண்டபடி பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிளாக் ஆபீஸிலிருந்து வரும் கிராம சேவிகா ஒருத்தி குழாய் வைத்த மண் அடுப்புக் கட்டுகிறாளாம், நம் விறகே போதுமாம் என்று மெதுவாகச் சொன்னார். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். கடையில் வாங்கினால்தான் உங்கள் அண்ணன் நம்புவார் என்று நினைத்தேன் என்றார்.

அடுப்புக் கட்டும் நாளில் நானும் மோகனூருக்குக் கிளம்பிப் போய்விட்டேன். ஆண்கள் மேற்பார்வையில் அடுப்புக் கட்டினால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சேவிகா என் வயசுப் பெண்தான். வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புற்றுமண்ணையும் உமியையும் சாணியையும் தானே மிதித்துக் குழைத்தாள். முதலில் எங்கள் வீட்டுப் பானைகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு பானையையும் வைத்துப் பார்த்து, அதன் அடி இடைவெளி இல்லாமல் உட்காரும்படி வாயின் அளவை எடுத்தாள். அதில் இடுக்கு இருந்தால் புகை அந்த வழியாக வந்துவிடும் என்றாள். வரிசையாக மூன்று வாய். விறகு வைப்பது முதல் வாய்க்குக் கீழே. அங்கிருந்து தீயும் புகையும் உள்ளேயே நடந்து இரண்டாவது, மூன்றாவது பானைகளைத் தொட்டுவிட்டுக் கடைசியில் குழாய்க்குள் ஏற வேண்டும். அந்தப் புகைவழியின் உயரம் நாலு விரற்கடை. தன் விரலை வைத்து அளந்து காட்டினாள்.

சிக்கல் கூரையில்தான். காய்ந்த தோகைக்குள் சூடான குழாயை விடுவதா என்று மாமனாரின் அண்ணன் கத்தினார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் குழாய் வரும் இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தோகையை அடியோடு பிரித்து எடுத்தார்கள். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய தகரத்தைப் பொருத்தி, குழாயைச் சுற்றிக் களிமண் பூசினார்கள். குழாய், குயவரிடம் சொல்லிச் செய்த சுட்ட மண் குழாய். முகட்டுக்கு மேல் இரண்டு முழம் நீட்டி, மழை இறங்காமலும் ஆடிக் காற்று புகையைத் திருப்பி அடிக்காமலும் இருக்க உச்சியில் ஒரு மூடி. அடுப்புப் பக்கத்தில் குவிந்திருந்த பருத்திமாரைச் சேவிகா வெளியே எடுத்துப் போடச் சொன்னாள். எப்போதும் ஒரு குடம் தண்ணீர் அங்கே நிற்க வேண்டும் என்றாள். இரண்டு வாரம் காயவிட்டு, பிறகு சுள்ளியால் சின்னத் தீ போட்டுப் பழக்க வேண்டும். மாதம் ஒருமுறை குழாயின் கரியைத் தட்டி எடுக்க வேண்டும். அடுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். சுத்தத்தைப் பற்றி இவள் நமக்குச் சொல்வதா என்று நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

மற்றபடி மாமியாருக்கு அந்த அடுப்பு பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். புகை படாத தோகையைக் கரையான் தின்னும், பரணில் தொங்கும் விதைச் சோளக்கதிரில் வண்டு விழும் என்று கட்டும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னபடியே நடந்தது. சித்திரையில் கதிரை இறக்கினால் பாதி மாவாகக் கொட்டியது. அவர் அதை முறத்தில் அள்ளிக்கொண்டு போய் என் கண்ணில் படும் இடத்தில் வைத்தார்.

ஆனால் என் மூச்சு! முதல் நாள் மூன்று வாயிலும் பானை ஏறி, குழாய்க்குள் தீ உறுமிக்கொண்டு இழுத்தபோது நான் கதவை வேண்டுமென்றே சாத்திப் பார்த்தேன். உள்ளே மாமியாரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர் நெற்றியில் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் களிப்பானையை ஏற்றி, அடுப்பைச் சோதிப்பவர்போல முழு பலத்தோடு துடுப்பைப் போட்டுக் கிண்டினார். அடுப்பு அசையவில்லை. கெடக்கட்டும் என்று மட்டும் சொன்னார். நான் தங்கிவிட்டேன். ஆனியும் ஆடியும் தாண்டின. இளைப்பு என்பதே மறந்துபோனது. தண்ணீர்க் குடத்தோடு மேடேறும்போதும் பாட்டு முணுமுணுக்கிற அளவுக்கு எனக்கு மூச்சு மிச்சம் இருந்தது.

அடுப்பு மெழுகுவதை மட்டும் மாமியார் எனக்கு விடவில்லை. விடியற்காலையில் நான் சாணிச் சட்டியைத் தொட்டாலே பிடுங்கிக்கொள்வார். என் மெழுகலில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று எனக்குள் ஒரு குறை.

ஐப்பசியில் புகை திரும்பி வந்தது. முதலில் கண் கரித்தது. விறகு ஈரம் என்றோம். ஓட்டு வீட்டுக்குள் வைத்துக் காயவைத்த பருத்திமாரை எரித்தும் புகைந்தது. காற்றின் குற்றம் என்றோம். காற்றே இல்லாத நாளிலும் முதல் வாயிலிருந்து புகை பொங்கியது. என் வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறி, மூடியை எடுத்துக் குழாயைப் பார்த்தார். கரி இல்லாமல் சுத்தமாக இருந்தது. அந்த வாரத்தில் என் நெஞ்சு மறுபடியும் விசிலடிக்கத் தொடங்கியது. அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பதில் வந்தது. இந்தமுறை போனால் திரும்பி வருவதில்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை அவர்.

சனிக்கிழமை காலை. மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். ஆறிக் கிடந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, ஏதோ ஒரு ஆத்திரத்தில், இரண்டாவது வாய்க்குள் கையை விட்டு முதல் வாயைத் தேடினேன். சேவிகா நாலு விரலை நுழைத்துக் காட்டிய வழியில் இப்போது இரண்டு விரல்தான் போனது. மூன்றாவது வாய்க்குப் போகும் வழியில் ஒரு விரல்கூட முக்கி முனகித்தான் நுழைந்தது. நகத்தால் சுரண்டினேன். சாணியும் செம்மண்ணும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தன.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. கரையான், வண்டு, முறத்து மாவு எல்லாம் சேர்ந்து ஒரே கணக்காக மனசில் விழுந்தது. பெயர்ந்த மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு தொழுவத்துக்கே போனேன். புகை வேண்டும் என்றுதானே வழியை அடைத்தீர்கள், நான் போய்த் தொலைய வேண்டும் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசிய பேச்சுகளில் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படும் பேச்சு அது.

அவர் மண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அடைச்சனா?” என்றார். “அந்தப் புள்ள சுத்தமா வெச்சுக்கச் சொல்லுச்சே சாமி. இந்த அடுப்பு கெட்டுதுன்னா நீ போயிருவீன்னு, ஒரு நாளு உடாம உள்ள கைய உட்டு உட்டு மெழுகுனனே. பச்சத்தண்ணி பட்டா உனக்கு நெஞ்சு கட்டும்னு உன்னக்கூடத் தொட உடலியே.”

எங்கள் பக்கத்தில் சுத்தம் என்றால் மெழுகுவதுதான். வேறு எதையும் அந்தச் சொல்லுக்கு அவர் நினைத்திருக்க முடியாது, நானும் நினைக்கவில்லை. மற்ற வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் மெழுகும் அடுப்பை, அவர் எட்டு மாதம் தினமும், வெளியே ஒரு கை, உள்ளே ஒரு கை என்று மெழுகியிருக்கிறார். என்னைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியிருக்கிறார். நான் அங்கேயே சாணித் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தார்.

அன்று மதியம் வீட்டில் எல்லோருக்கும் பழைய சோறுதான். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். நான் கொத்துக்கரண்டியால் சுரண்ட, அவர் பனை மட்டையின் நாரால் துடைத்து வெளியே இழுத்தார். எடுத்த மண் ஒரு கூடை இருந்தது. அடிக்கொரு தரம் நாலு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். கடைசியில் அவர் கை முழுசாக முதல் வாயில் நுழைந்து இரண்டாவது வாயில் விரல்களை ஆட்டியது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுள்ளி வைத்துப் பற்றவைத்தோம். தீ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடியது, குழாய் உறுமியது. வெளியே போய் முகட்டைப் பார்த்து, புகை மேலேதான் போகிறது என்று அவர் கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

ஞாயிறு காலை பத்து மணி வாக்கில் அண்ணன் வந்தார். நான் அப்போது அடுப்படியில் எரிகிற விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மாமியார் வாசலுக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அண்ணன் முகம் கழுவினார். பிறகு, தனக்கு மாப்பிள்ளை முறையாகிற அண்ணனிடம் மாமியார் சொன்னது எனக்கு உள்ளே தெளிவாகக் கேட்டது.

“தங்கச்சியப் பாக்க வந்தீங்களா மாப்பிள்ளை, கூட்டிட்டுப் போக வந்தீங்களா? பாக்க வந்தீங்கன்னா உள்ள வாங்க, அடுப்படிலதான் இருக்குது. கூட்டிட்டுப் போக வந்தீங்கன்னா சோறு தின்னுபோட்டு நீங்க மட்டும் பொறப்படுங்க.”

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து நான் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.