ராணிக்கு அப்பா வைத்த பொட்டு

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நீங்கள் அம்மாவின் நெற்றியைப் பார்த்துத் தயங்கியிருப்பீர்கள். அங்கே ஏன் இன்னும் குங்குமம் இருக்கிறது என்பதற்கு அப்பாவின் வாழ்க்கையே பதில்.

அப்பா பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்து, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, நாங்கள் பிறந்த பிறகே பர்மனன்ட் ஆகி குவார்ட்டர்ஸ் பெற்றார். கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலிலேயே வாழ்ந்தவர் வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. அவருக்கு வந்த ஒரே பூர்வீகச் சொத்து, அவருடைய தாத்தா வாங்கிய வெண்கலப் பதக்கம். ஒரு பக்கம் விக்டோரியா ராணி. மேலே 'பர்மா' என்று ஒரு பட்டை.

ஆயுத பூஜையன்று ஸ்பேனர், ஹெல்மெட், சைக்கிளோடு பதக்கத்தையும் புளி போட்டுத் துலக்கி, ராணியின் நெற்றியில் குங்குமம் வைப்பார். துலக்கித் துலக்கி ராணிக்கு மூக்கே மழுங்கிவிட்டது!

கல்லூரியில் சேர்ந்த புதிதில், நூலகத்தில் பதக்கங்களைப் பற்றிப் படித்துவிட்டு ஓடிவந்து மூச்சுவிடாமல் சொன்னேன். பர்மா அரசரைப் பிடிக்கப் போன படையில் சிப்பாய்களுக்கு வெள்ளிப் பதக்கம். கூடப் போய்ச் சுமையும் காயம்பட்டவர்களின் டோலியும் தூக்கியவர்களுக்கு வெண்கலம். ஆக, அப்பாவின் தாத்தா சண்டை போட்டவர் இல்லை. இன்னொன்று, பதக்கத்தில் இளம்பெண்ணாக இருக்கும் ராணி அப்போது கணவரை இழந்து இருபது வருடத்துக்கு மேல்!

தாத்தா யாரையும் சுடவில்லை என்றதில் அப்பாவுக்குச் சந்தோஷமே. பதறியவர் அப்பாவின் அக்கா. இளம்வயதிலேயே மாமாவை இழந்து எங்களோடு இருக்கும் அத்தை.

"தாலி அறுத்தவளுக்கா தம்பி இத்தினி நாளா பொட்டு வெச்சிக்கினு இருந்த? அழிச்சுடு."

"இத்தினி வருஷமா வெச்சேன், வூட்டுக்கு என்னா கெட்டுப்போச்சுக்கா? இருக்கட்டும். அந்தம்மாவுக்கு நல்லாத்தான் கீது."

சென்ற ஆண்டு ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவை நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. பத்தாம் நாள், வழக்கப்படி அம்மாவின் பொட்டை அழிக்க அத்தை ஈரத்துணியோடு வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, யாரோ வெள்ளக்காரி பொட்டையே அழிக்க மனசு வராதவரு. எனக்கு அழிச்சா ஒத்துக்குவாரா?"

அத்தை துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அழுதார்.

கடைசிப் பயணத்தில் அப்பாவைத் தோளில் சுமந்த ஷிப்ட் நண்பர்களுக்கும், அம்மாவைப் பார்த்தும் எதுவும் கேட்காமல் எப்போதும்போல் காபி குடித்துப் போன குவார்ட்டர்ஸ் பிளாக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

அத்தைக்குத் தனியாக. துக்க வருடம், ஆயுத பூஜைக்குப் படையல் இல்லை. ஆனாலும் அத்தை தாமாகவே பதக்கத்தைத் துலக்கி ராணிக்குப் பொட்டு வைத்தார். விரலில் மிஞ்சிய குங்குமத்தை எங்கே துடைப்பது என்று சுற்றிப் பார்த்தார். அம்மா அந்த விரலைப் பிடித்து அத்தையின் நெற்றியிலேயே வைத்துவிட்டார்.

அத்தை அதைத் துடைக்கவில்லை.

மகள்