கய்யூமும் தொட்டுப் பார்க்கும் வீடும்

லஸ் முனையில் ஜட்கா ஓட்டிய அப்துல் கய்யூமுக்கு நல்ல பெயர். பிற ஆண்கள் கண்ணில் படாமல் வாழும் கோஷா வீட்டுப் பெண்கள் அவன் வண்டியைத்தான் கேட்டு அனுப்புவார்கள். திரையைச் சந்து தெரியாமல் கட்டுவான். அவர்கள் ஏறி இறங்கும்போது குதிரையின் காதையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பெண்களின் குரல் அவனுக்குத் தெரியும், முகம் தெரியாது. அப்படிப்பட்டவன் கோஷா நாளன்று போய் ஒரு வாசலில் மாட்டிக்கொண்டு விழித்தான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். முழுக்கக் கேட்டால் அந்தச் சிரிப்பு நிலைக்காது.

மனைவி ஜமீலுன்னிசா காய்ச்சலில் போனபோது மகள் குல்சும் தத்தித் தத்தி நடக்கிற குழந்தை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முன்பலகையில் பக்கத்தில் வைத்துக்கொண்டே சவாரி போனான். ஒருநாள் அவன் கண் அசந்த நேரம் பார்த்துக் குழந்தை சக்கரத்தில் விரலைக் கொடுத்துவிட்டது. இடது கைச் சுண்டுவிரல் நகம் அதன்பிறகு நேராக வளரவே இல்லை. அன்றைக்குப் பிடித்த பயம் அவனை விடவில்லை. சாட்டையைத் தொடாதே, விளக்கைத் தொடாதே, குதிரையைத் தொடாதே. வண்டி ஓடினால் கை மடியில், நின்றால் முதுகுக்குப் பின்னால். குழந்தையும் அப்படியே கேட்டது. எவ்வளவு சமத்து என்று சவாரிக்கு வந்தவர்கள் மெச்சினார்கள். அவனுக்கும் அதில் பெருமைதான், பாவம்.

அடையாற்றில் ஒரு தோட்ட வீட்டில் குழந்தைகளுக்காகக் காட்சிசாலை ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று திரைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒருநாள் பேசிக்கொண்டு வந்தார்கள். செத்த காலேஜ் என்கிற மியூசியம் மாதிரி எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டவில்லையாம். தண்ணீர்ச் சக்கரத்தைச் சுற்றலாமாம், சங்கை ஊதலாமாம், மத்தளத்தை அடிக்கலாமாம்.

குல்சும் அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அங்க தொட்டா வைய மாட்டாங்களா அத்தா?"

அந்தக் கேள்வி அவனைக் குத்தியது. எப்படியாவது கூட்டிப் போய்விட வேண்டும், பிள்ளை ஒருநாளாவது ஆசை தீரத் தொட்டு விளையாட வேண்டும் என்று முடிவு செய்தான். விசாரித்ததில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோஷா நாள் என்றார்கள். பெண் குழந்தை ஆயிற்றே, அதுதான் மரியாதையான நாள் என்று பட்டது. எண்ணெய் வைத்துத் தலை பின்னி, சவாரியை விட்டுவிட்டு, அடையாறு பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தான்.

வாசல் காவல்காரன் கபாலி கையைக் குறுக்கே நீட்டினான். "இன்னா நைனா, இன்னிக்கு கோஷா நாளாச்சே. ஆம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்களே."

"தெரியும்பா. அதுக்காவத்தான் வந்தேன். பொம்பளப் புள்ளதானே இது."

"புள்ள போவட்டும். நீ?"

கய்யூம் முழித்தான். தன்னை அவன் யோசிக்கவே இல்லை. குல்சும் அவன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"கய்யூமா அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வழக்கமாக அவன் வண்டியில் வரும் ராயப்பேட்டை ஜைதூன் பீ. தன் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவன் பழக்கப்படி குதிரையின் காதைப் பார்த்தான்.

"புள்ளய எங்கிட்ட குடு. நான் காட்டிக் கூட்டியாரேன்."

அவர்கள் உள்ளே போனதும் புங்க மரத்து நிழலில் வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்தான். உள்ளே சங்கு ஊதும் சத்தம் கேட்டது. நம்ம குல்சும்தான் என்று தானாகவே சிரித்துக்கொண்டான். மத்தளம் கேட்டது. அதுவும் குல்சும்தான்.

வெயில் தாழ்ந்தபின் ஜைதூன் பீ குல்சுமோடு வெளியே வந்தாள். குரலில் உற்சாகம் இல்லை.

"ஒண்ணத்தயும் தொடலப்பா உம் பொண்ணு. தொடும்மா தொடும்மான்னு எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. கையப் பின்னால கட்டிக்கினு நின்னுக்கினே கீது. கேட்டா, எங்க அத்தா வையும்னு சொல்லுது."

 கபாலி பிள்ளையைத் தடுக்கவே இல்லை, தடுத்தவன் நான்தான் என்று கய்யூமுக்குத் தோன்றியது. கடைசி வண்டியும் போகும்வரை அங்கேயே நின்றான். கதவைச் சாத்த வந்த கோமளம்மாளிடம், பிள்ளையோடு தானும் ஒரு நடை உள்ளே போய் வரலாமா என்று கும்பிட்டுக் கேட்டான். காட்சிசாலையைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள் அவர்.

"கோஷாக்காரா எல்லாரும் போயாச்சு. வாங்கோ, அதனால என்ன" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மேஜை மேஜையாகச் சாமான்கள். இவ்வளவு பெரிய வீட்டுக்குள் அவன் நுழைந்ததே இல்லை. கோமளம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"குழந்தை இதை யார்கிட்ட கத்துண்டான்னு இப்பன்னா தெரியறது."

அப்போதுதான் கவனித்தான். அவன் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. பக்கத்தில் குல்சும், அச்சாக அதே மாதிரி.

வெட்கமாக இருந்தது. எதிரே ஒரு மரப்பெட்டி. உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. துணி தொங்கும் ஓட்டையில் கையை விட்டு, இன்னதென்று சொல்ல வேண்டும். கய்யூம் பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டான். ஏதோ சில்லென்று வழவழத்தது. உதறிக்கொண்டு கையை இழுத்தான்.

குல்சும் களுக்கென்று சிரித்தாள். "கடிச்சிச்சா அத்தா?"

"தெரியலம்மா. நீ பாரேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வையவில்லை. நகம் கோணிய அந்த இடது கை மெல்ல முன்னால் வந்தது.

விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் வெளியே வந்தார்கள். குதிரைக்கு முன்னால் குல்சும் நின்றுவிட்டாள். கை மறுபடியும் பின்னால் போயிருந்தது.

"இத்தத் தொடலாமா அத்தா?"

தொடாதே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அவளைத் தூக்கிப் பிடித்தான். குதிரையின் கழுத்தில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"சூடா கீது அத்தா" என்றாள்.

இரண்டு வருஷமாக அந்தக் குதிரையின் வாலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஊர் சுற்றிய பிள்ளைக்கு அது அன்றுதான் தெரிந்தது.