சிரித்த படம் பழுது

முதற் சட்டம்

அப்பாவின் ஸ்டூடியோ கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். 'சேர்ந்தேன்' என்பது ஒரு மரியாதைக்கு. "வீட்டில சும்மாதானே இருக்கிறாய், வா" என்றார் அப்பா. நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

முதல் நாளே தொழிலின் முழு இரகசியத்தையும் சொல்லித் தந்தார். "ஆக்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள் பிள்ளை. மிச்சத்தை நான் பார்க்கிறன்."

யுத்த காலம். ஊரிலிருந்து வந்து இறங்கும் சனத்துக்குச் சோற்றுக்கு முன்னால் தேவைப்பட்டது படம். அடையாள அட்டைக்குப் படம், பாஸ்போட்டுக்குப் படம், விசாவுக்குப் படம். அட்டை இல்லாமல் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர் பாணோடு வீடு திரும்புவாரா, பொலிஸ் நிலையத்துக்குப் போவாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நிலைமையில் ஆருக்கும் சிரிப்பதற்குப் பெரிய அவா இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அப்பா ஒருவரையும் நம்பமாட்டார். கமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, "சிரிக்காதையுங்கோ" என்று எல்லாரையும் எச்சரிப்பார்.

கைபேசியை நீட்டிப் பிடித்து உதட்டைக் குவிக்கும் இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. அன்று ஒரு படம் எடுக்கச் சீப்பால் தலை இழுத்து, பவுடர் போட்டு, ஸ்டூடியோவின் கோட்டையும் மாட்ட வேண்டும். கோட்டு ஒன்றுதான். மெலிந்தவர்களுக்குப் பின்பக்கம் ஊசி குத்துவோம். தடித்தவர்களுக்குப் பின்பக்கத்தைத் திறந்தே விடுவோம். பாதி வெள்ளவத்தை அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வெளிநாடு போனது.

அவசரம் என்று வந்தவரை அப்பா நாளைக்கு வரச் சொன்னதில்லை. சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு எழும்புவார். அம்மா புறுபுறுப்பார்: "கொழும்பில உள்ள எல்லாற்ற முகமும் இந்த மனிசனுக்குத் தெரியும். என்ர முகத்தைத்தான் மறந்துபோனார்." அப்பா காது கேளாதவர் போல் இருப்பார். நல்ல மனிதர், கேட்க வேண்டாததைக் கேட்கமாட்டார்.

அம்மன் சிலை மாதிரி

கல்யாணப் படத்திலும் அப்பாவுக்கு அதே சட்டம்தான். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து குறுகிய லீவில் வருவார், தாலி கட்டுவார், போய்விடுவார். பொம்பிளை இங்கே அல்பத்தைத் தூக்கிக்கொண்டு தூதரகத்துக்கு நடப்பார். கல்யாணம் உண்மையென்று அந்த அல்பம்தான் சாட்சி சொல்ல வேண்டும். அப்பாவின் அல்பத்தில் பொம்பிளை குனிந்த தலை நிமிராது. மாப்பிள்ளை கடன்காரனைக் கண்டவர் போல விறைத்து நிற்பார். இதற்குப் பெயர் மரியாதை. 'அம்மன் சிலை மாதிரி இருக்குது' என்று பெற்றோர் சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அன்று முழுக்கப் பசிக்காது.

சுகந்தியின் அல்பமும் அப்படித்தான் தயாரானது. தாயும் மகளும் எங்கள் ஒழுங்கையிலேயே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். தாயை நாங்கள் பவளக்கா என்போம். அப்பாவும் பவளக்காவும் சோதனைப் பிரதிகளை மேசையில் பரப்பி, உதடு பிரிந்த படங்களுக்கெல்லாம் சிவப்புப் பேனையால் குறுக்குக் கோடு போட்டார்கள். அப்பாவின் பாஷையில் அவையெல்லாம் 'பழுது'.

சில மாதம் கழித்துப் பவளக்கா அந்த அல்பத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டார்.

"அண்ணை, விசா இல்லையெண்டு சொல்லிப்போட்டான். ரெண்டு பேரும் முன்பின் தெரியாத ஆக்கள் மாதிரி நிக்கினமாம். பொம்பிளை துக்கத்தில இருக்கிறாவாம். இது உண்மையான கல்யாணம் இல்லையாம்!"

முன்பின் தெரியாதவர்கள் என்பது முழு உண்மை. அவர்கள் ஒருவரை ஒருவர் கண்டதே கல்யாணக் கிழமையில்தான். ஆனால் உண்மையைப் படத்தில் காட்டினால் பொய் என்கிறார்கள், அதுதான் தூதரகம்.

"என்ர படத்தில என்ன பிழை?" என்றார் அப்பா. "பொம்பிளை வெக்கத்தில குனிஞ்சிருக்கிறா. அவனுக்கு வெக்கமும் துக்கமும் ஒண்டோ?"

"அவனுக்கு ஒண்டுதான் போல. மேன்முறையீடு ஒருக்காத்தான் செய்யலாமாம். அதுவும் இல்லையெண்டால் இவள் இஞ்சைதான்."

இஞ்சை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். முந்தின கிழமை ஆமி செய்த சுற்றிவளைப்பில் சுகந்தியை ஏற்றிக்கொண்டு போய், பொழுதுபட்ட பிறகுதான் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாசலுக்கும் வருவதில்லை. மாப்பிள்ளைக்கும் இனி லீவு கிடைக்காது. மறுபடி மணவறை கட்டிப் படம் எடுக்க வழியே இல்லை.

கணையாழி

அடுத்த நாள், வாசலுக்கும் வராத சுகந்தி தனியாக வந்தாள்.

"மாமா, நான் சிரிச்ச படம் ஒண்டும் இல்லையோ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் கல்யாணங்களில் தண்ணீர்க் குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு, பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் கையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கணையாழி எடுத்தல் என்பது அதன் பெயர். சுகந்தி ஒரு கையால் மாப்பிள்ளையின் மணிக்கட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மோதிரத்தைத் தூக்கிக் காட்டி, கடைவாய்ப் பல்லும் தெரியச் சிரித்தாள். மாப்பிள்ளையின் தலைப்பாகை காதில் தொங்கியது. தோற்ற மனிதன் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் விரல் தன்பாட்டில் பொத்தானை அமத்திவிட்டது. பிறகு குறுக்குக் கோடு.

"அது பழுது பிள்ளை. வெளியில குடுத்தால் ஊர் என்ன சொல்லும்?"

"ஊரில ஆர் மாமா இருக்கினம்?"

ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஊர்ச் சனம் ஐந்தாறு நாடுகளில் பிரிந்து கிடந்தது. எஞ்சிய ஊரென்று பார்த்தால் அப்பாவும் பவளக்காவும்தான்.

அப்பா எழும்பி, நெகட்டிவ் பெட்டியை இறக்கினார். கணையாழிப் படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக அடித்துக்கொண்டு வரச் சொல்லி, கொட்டாஞ்சேனைக் கலர் லாபுக்கு என்னை அனுப்பினார். வழியில் சென்றிப் பொயின்ற், ஆமியின் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார்கள். ஆமிக்காரர் ஒருவர் நெகட்டிவைச் சூரியனுக்கு நேரே பிடித்தார்.

"வெடிங் பொடோத நங்கி?" என்றார்.

கல்யாணப் படமா தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்கிறார். "ஒவ்" என்று சிங்களத்திலேயே ஆமோதித்தேன். இன்னொரு தடவை பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைப் பல்லெல்லாம் கறுப்பாகத் தெரியும் நெகட்டிவிலேயே சிரிக்க வைக்கும் படத்தை அப்பா பழுது என்றிருக்கிறாரே என்று, பயத்துக்கு நடுவிலும் எனக்குக் கோபம் வந்தது.

மேன்முறையீட்டுக்கான இரண்டாம் நேர்முகத்தில் தூதரக அதிகாரி அல்பத்தைப் புரட்டி அந்தப் படத்தில் நின்றாராம். "இதில் யார் வென்றது?" என்று கேட்டாராம். "நான்தான்" என்றாளாம் சுகந்தி. அத்தோடு கேள்வி முடிந்தது.

விசா வந்த அன்று அவள் கேக்கோடு ஓடி வந்து, அதிகாரியைப் போல மூக்கில் கண்ணாடியை இறக்கி நடித்துக் காட்டினாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமராவில் ஒரு பிரேம் மிச்சம் இருந்தது. நான் அமத்தினேன்.

பழுதான படம்

அப்பா செத்தபோது மரண அறிவித்தலுக்குப் படம் தேடினோம். ஊரெல்லாம் படம் பிடித்தவருக்குச் சொந்தமாக இருந்தவை மூன்றோ நாலோ. எல்லாவற்றிலும் பொலிஸ் தேடும் ஆள் போல முறைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கேக் நாள் படத்தை எடுத்து நீட்டினேன்.

பெரியப்பா பதறிப்போனார். "என்ன பிள்ளை இது? செத்த வீட்டில பல்லைக் காட்டிக்கொண்டே? சனம் என்ன நினைக்கும்?"

"சனம் அவரை நினைக்கும் பெரியப்பா" என்றேன். படத்தை உறையில் போட்டுப் பத்திரிகைக்குக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு ஸ்டூடியோவை நான் நடத்தினேன். அப்பாவிடம் எத்தனையோ கற்றேன். ஒன்றை மட்டும் மாற்றினேன். சிவப்புப் பேனையை மேசையில் வைப்பதில்லை.

அப்பாவின் சட்டப்படி உதடு பிரிந்தால் பழுது, தலை சரிந்தால் பழுது, கண் மூடினால் கட்டாயம் பழுது. அந்தப் படத்தில் அப்பா வாயைத் திறந்து, தலையைச் சரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிக்கிறார். வீட்டில் இருந்த மிகப் பெரிய பிரேமில் அதைத்தான் போட்டிருக்கிறேன்.